வாசகர் கேள்வி: "விசுவாசிக்கிறேன்"னு சொல்ல வாய் வரலையே அக்கா

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு, திருநெல்வேலி பக்கம், சண்டே ஸ்கூல் டீச்சரா இருக்கேன். எங்கம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போய் ரெண்டு வருஷமா டயாலிசிஸ் நடந்துச்சு, சபையே உபவாசம் இருந்து ஜெபிச்சாங்க, நானும் கண்டிப்பா சுகம் கிடைக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருந்தேன். போன வருஷம் அம்மா போயிட்டாங்க. அடக்கத்துக்கு வந்த ஒருத்தங்க "வீட்ல யாருக்கோ விசுவாசம் குறைவு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க, அது நான்தானோன்னு இன்னும் உறுத்துது. இப்ப சர்ச்ல "விசுவாசிக்கிறேன்"னு எல்லாரும் சேர்ந்து சொல்ற விசுவாசப் பிரமாணம் வர்றப்ப வாயே அசைய மாட்டேங்குது. ஆண்டவர் இருக்காரான்னே டவுட்டா இருக்கு. அடுத்த மாசம் முதல் வருஷ நினைவு ஜெபம், ஆண்டவர் எங்களுக்குச் செஞ்சதை எல்லார் முன்னாடியும் சாட்சியா சொல்லணும்னு அப்பா கேக்குறாங்க. நான் என்ன பண்ணட்டும்? (பேர் போடாதீங்க)

பதில்: தங்கச்சி, உன் லெட்டரை மூணு தடவை படிச்சேன். மொதல்ல அடக்கத்துக்கு வந்தவங்க சொன்ன அந்த வார்த்தையை எடுத்து வெளிய போடு, அது தப்பு, பைபிள்படியே தப்பு. அப்போஸ்தலன் பவுலுக்கு உடம்புல குத்துற முள்ளுன்னு அவரே சொன்ன ஒரு வேதனை இருந்துச்சு, எடுத்துப்போடச் சொல்லி மூணு தரம் வேண்டினார், எடுபடல. அவரே தீமோத்தேயுவுக்கு எழுதின ரெண்டாவது நிருபத்தோட கடைசில "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்"னு போறபோக்குல ஒரு வரி எழுதியிருப்பார், இத வச்சு யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதே இல்ல. எத்தனையோ பேருக்கு சுகம் கிடைக்க ஜெபிச்ச மனுஷன், கூட வந்தவரை வியாதியோட விட்டுட்டுப் போறார். யாருக்கு விசுவாசம் குறைஞ்சுதுன்னு அங்க எழுதல. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில இயேசுவே இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, நீங்கட்டும்னுதான கேட்டார், நீங்கலையே. அம்மா போனதுக்கு நீ காரணம் இல்லம்மா.

அடுத்து, நீ டவுட்னு சொல்றதுல பாதி துக்கம்னு எனக்குத் தோணுது, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுதான் வரும். லாசரு செத்த வீட்ல மார்த்தாள் என்ன சொன்னா? "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." நீ வரலையேன்னு இயேசுகிட்ட முகத்துக்கு நேரா கேக்குறா, கொஞ்ச நேரம் கழிச்சு அவ சகோதரி மரியாளும் வந்து அதையே சொல்றா. உனக்கு விசுவாசம் பத்தலன்னு இயேசு மரியாளைத் திட்டல, அழுதார். உன் கேள்வியும் அந்தக் கேள்விதான், அத அவர்கிட்டயே கேளு, கோவமா கேட்டாலும் பரவால்ல. சங்கீதம் 13 "எதுவரைக்கும்"னுதான் ஆரம்பிக்குது. 88-ஐப் படிச்சுப் பாரு, கடைசி வரி வரைக்கும் ஒரு ஆறுதலும் வராது, சிநேகிதர்லாம் தூரமாப் போயிட்டாங்கன்னு சொல்லி அப்படியே நின்னுடும், அதையும் ஜெபம்னுதான் பைபிள்ல வச்சிருக்காங்க.

எங்கப்பா போனப்ப நானும் கிட்டத்தட்ட ஏழு மாசம் ஜெபிக்கல. ஜெபிக்க முடியலன்னுதான் சொல்லணும். ராத்திரி இந்த 13-ஆம் சங்கீதத்துல மொதல் ரெண்டு வசனத்தை மட்டும் சத்தமா வாசிச்சுட்டுப் படுத்துருவேன், மூணாவது வசனத்துக்கு வாய் வர்றதுக்கு அவ்ளோ நாள் ஆச்சு. அந்த ஏழு மாசத்துல நான் ஆண்டவரை விட்டுட்டேன்னு இப்ப எனக்குத் தோணல.

இயேசுவோட சீஷர் தோமாவைப் பத்தியும் சொல்லணும். சென்னைல பரங்கிமலைக்குப் போயிருப்ப, இங்கதான் அவர் ரத்தசாட்சியா செத்தார்னு பாரம்பரியமா சொல்ற இடம். நாம அவருக்கு சந்தேகத் தோமான்னே பேர் வச்சுட்டோம். ஆனா யோவான் 20-ல எல்லாரும் வேகமாத் தாண்டிப் போற ஒரு விஷயம் இருக்கு. இயேசு உயிர்த்தெழுந்தப்புறம் மத்த சீஷர்கள் "கர்த்தரைக் கண்டோம்"னு சொல்றாங்க, இவர் நம்ப மாட்டேங்குறார், அப்புறம் எட்டு நாள் கழிச்சுதான் இயேசு வர்றார். வர்றப்ப தோமா எங்க இருக்கார்? அதே வீட்டுக்குள்ள, அவங்களோடதான். நம்பாத ஆளை அவங்க வெளிய தள்ளல, இவரும் உங்க சங்காத்தமே வேண்டாம்னு எழுந்து போகல. நீ இப்ப அந்த எட்டு நாளுக்குள்ள இருக்கன்னுதான் நான் நினைக்கிறேன், உன் எட்டு நாள் எவ்ளோ நீளம்னு எனக்கு சொல்லத் தெரியல, ஆனா வீட்டை விட்டு மட்டும் வெளிய போயிராத.

அதனால சர்ச்சுக்குப் போ. விசுவாசப் பிரமாணம் சொல்றப்ப வாய் வரலன்னா சும்மா நில்லு, பக்கத்துல நிக்கிற பாட்டி சொல்றது காதுல விழட்டும். மாற்கு 2-ல நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நாலு பேரு தூக்கிட்டு வந்து கூரையைப் பிரிச்சு இறக்குவாங்கள்ல, அங்க இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார்னு எழுதியிருக்கு, தூக்கிட்டு வந்தவங்க விசுவாசத்தையும் சேர்த்துதான். இத்தனை வருஷம் நீ பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போயிருக்க, இப்ப கொஞ்ச நாள் உன்னைய நாலு பேரு தூக்கட்டும். சண்டே ஸ்கூல்ல ரெண்டு மாசம் லீவு கேளு, காரணம்லாம் விளக்கணும்னு இல்ல. அப்புறம் தூக்கம் வரல, சாப்பாடு இறங்கலன்னு இருந்தா டாக்டரையும் பாத்துரு, அது விசுவாசக் குறைவு ஆகாது. அன்னை தெரசாவோட கடிதங்கள் 2007-ல வெளிவந்தப்பதான் கிட்டத்தட்ட 50 வருஷமா அவங்களுக்குள்ள ஒரே இருட்டா இருந்துச்சுன்னு உலகத்துக்கே தெரிஞ்சுது, அத்தனை வருஷமும் காலைல எழுந்து வேலைக்குப் போயிருக்காங்க.

கடைசியா அந்த சாட்சி. மனசுல இல்லாதத மைக்ல சொல்லாத, ப்ளீஸ். அப்பாகிட்ட தனியா உக்காந்து "எனக்கு சாட்சி வரலப்பா, ஒரு வசனம் மட்டும் வாசிக்கிறேன்"னு சொல்லு, அவருக்கும் உள்ளுக்குள்ள இதே கேள்வி இருக்கலாம், பொண்ணுகிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியாம இருக்கலாம். அன்னைக்கு யோவான் 11-ல மார்த்தாள் சொன்னதுல இருந்து "இயேசு கண்ணீர் விட்டார்" வரைக்கும் வாசிச்சுட்டு உக்காந்துரு.

கேள்வி: என் பையன் காலேஜ் ரெண்டாம் வருஷம். இப்பல்லாம் சர்ச்சுக்கு வரமாட்டேங்குறான், எதுக்கெடுத்தாலும் கேள்வி கேக்குறான். கட்டாயப்படுத்தலாமா? (ஒரு அம்மா, நாகர்கோவில்)

பதில்: வேண்டாங்க. யோவான் ஸ்நானன் ஜெயில்ல இருந்து "வருகிறவர் நீர்தானா"ன்னு ஆள் விட்டு கேட்டார், இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவருக்கே அந்த டவுட். இயேசு பதிலும் சொல்லி அனுப்பிட்டு, கேட்டவங்க போனப்புறம் கூட்டத்துக்கு முன்னாடி அவரைப் பெருமையாவும் பேசினார். உங்க பையன் உங்ககிட்ட கேக்குறான்ல, அதுவே நல்லது, கேக்குறத நிறுத்திட்டாதான் எனக்குக் கவலை. தெரிஞ்சதுக்கு பதில் சொல்லுங்க, தெரியாததுக்கு தெரியலன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நீங்க போயிட்டு வந்து அவனோட உக்காந்து சாப்பிடுங்க, சாப்பிடுறப்ப பிரசங்கத்தைப் பத்திப் பேச்செடுக்காதீங்க.