பேனல் எங்கிருந்து வந்தாலும் சர்வீஸ் எங்கே?

கேள்வி: தீபாவளி அட்வான்சோடு, கொழும்பில் வேலை செய்யும் மகன் அனுப்பிய காசையும் சேர்த்து 43 அங்குல டிவி ஒன்று எடுக்கப் போகிறோம். ஹட்டன் டவுனில் ஒரு கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று எல்லாருக்கும் தெரிந்த கொரியப் பேர், சாதாரண எல்இடி. மற்றது கேள்விப்படாத பேர், ‘க்யூஎல்இடி’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, விலையும் குறைவு. “ரெண்டுக்கும் உள்ளே சீனா பேனல்தான், பேருக்கு எதுக்குக் காசு குடுக்கிறீங்க?” என்கிறார் கடைப் பையன். உண்மையா, ஐயா?
— ஒரு வாசகர், மஸ்கெலியா

பதில்: பையன் பொய் சொல்லவில்லை. எல்இடி டிவி என்று விற்பதிலும் படம் காட்டும் கண்ணாடி, அதாவது பேனல், எல்சிடிதான். சாம்சங் 2022 இல் எல்சிடி பேனல் செய்வதையே விட்டுவிட்டது. ஜப்பானில் ஷார்ப்பின் சகாய் தொழிற்சாலை 2024 இல் டிவி பேனல் உற்பத்தியை நிறுத்தியது. எல்ஜியும் சீனாவின் குவாங்சோவில் வைத்திருந்த பெரிய எல்சிடி தொழிற்சாலையை டிசிஎல் குழுமத்தைச் சேர்ந்த சிஎஸ்ஓடிக்கு விற்று, 2025 இல் கையளித்துவிட்டது. இப்போது டிவிக்கான எல்சிடி பேனலில் பெரும்பங்கு பிஓஇ, சிஎஸ்ஓடி, ஹெச்கேசி என்ற மூன்று சீன நிறுவனங்களிடம்தான். தாய்வானில் ஓரிரண்டு நிறுவனங்கள் தாக்குப்பிடிக்கின்றன. பெட்டியில் கொரியப் பேர் இருந்தாலும் எல்சிடி கண்ணாடி பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வந்திருக்கும்.

பையன் சொல்லாமல் விட்டது மீதிக் கதை. ஒரே மலையில் கிள்ளிய கொழுந்தே ஃபாக்டரிக்கு ஃபாக்டரி வேறு தேயிலையாக இறங்குகிறது, இதுவும் அப்படித்தான். எல்சிடி பேனல் தானாக ஒளிராது. பின்னால் பட்டை பட்டையாக எல்இடி பல்புகள் எரியும், பேனல் அந்த வெளிச்சத்தை மறைத்தும் விட்டும் படம் காட்டும். இந்தப் பின்விளக்கைத்தான் பேக்லைட் என்கிறார்கள். மலிவு செட்டில் பெரும்பாலும் கைவைப்பது இதில்தான். பல்புகளைக் குறைத்து, மிச்சமிருப்பவற்றைக் கூடுதல் கரண்டில் எரியவிடுவார்கள். கடையில் பளிச்சென்று இருக்கும், வீட்டில் சீக்கிரம் சூட்டில் போய்விடும். உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் போர்டும் அப்படியே.

அந்த ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். க்யூஎல்இடியும் எல்சிடிதான். குவாண்டம் புள்ளிகள் என்ற மிக நுண்ணிய துகள்கள் பூசிய ஒரு மெல்லிய தாள் கூடுதலாக இருக்கும், அது நிறத்தைத் துலக்கும். (அந்தப் புள்ளிகளுக்காக 2023 இல் வேதியியல் நோபல் பரிசே கொடுத்தார்கள், சரக்கு நல்ல சரக்குதான்.) ஆனால் பின்விளக்கு சுமாராக இருந்தால் தாள் என்ன செய்யும்? பின்விளக்கே இல்லாமல், திரையின் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வது ஓஎல்இடி. அது வேறு சாமான், வேறு விலை.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். திரை முழுக்க அதைப் போட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். மூலைகள் இருட்டடித்திருக்கிறதா, பட்டை பட்டையாகத் தெரிகிறதா, எங்காவது வட்டமாக வெள்ளை விழுகிறதா? கடைக்காரர் ஓட்டும் பூவும் மீனும் நீந்துகிற வீடியோவில் இதெல்லாம் தெரியாது. அப்புறம் கேளுங்கள்: இரண்டாம் வருடம் பழுதானால் யார் வருவார்கள்? ஹட்டனிலேயே பார்ப்பார்களா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா? அந்தப் பயணச் செலவு யாருடையது? பேனலுக்கு எத்தனை வருட வாரண்டி என்று கார்டில் எழுதியிருக்கிறதா? என்னைக் கேட்டால், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ சர்வீஸ் உள்ளதை எடுப்பேன், அது சாதாரண எல்இடியாக இருந்தாலும்.

இன்னொன்று. பெட்டியைக் கடையிலேயே பிரித்து, போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். த்ரீவீலரில் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டாம், ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும்போதும் நிமிர்த்தியே தூக்குங்கள். உடைந்த பேனலுக்கு வாரண்டி கிடையாது. வீட்டில் மாட்டியதும் படத்தின் செட்டிங்கை ‘டைனமிக்’கிலிருந்து ‘ஸ்டாண்டர்ட்’டுக்கு மாற்றி, பேக்லைட்டைப் பாதியளவுக்கு இறக்கிவிடுங்கள். லயன் வீட்டு அறைக்கு அந்த வெளிச்சம் தாராளம். பல்பின் ஆயுளும் கூடும்.

கேள்வி: மூன்று வருட டிவி. சத்தம் வருகிறது, படம் இல்லை. திருத்துபவர் “பேனல் போயிட்டு, புதுசு வாங்குங்க” என்கிறார்.
— தலவாக்கலை

பதில்: அவசரப்பட வேண்டாம். இரவில் லைட்டை அணைத்துவிட்டு, டிவியைப் போட்டு, போன் டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக ஆட்கள் நடமாடுவது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, பின்விளக்குத்தான் போயிருக்கிறது. பல்புகள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருப்பதால் ஒன்று போனாலே பட்டை முழுக்க அணைந்துவிடும். பல செட்டுகளில் உடனே டிவியே மொத்த விளக்கையும் நிறுத்திக்கொள்ளும்.

பட்டைகளை மாற்றலாம், புது டிவி விலையில் சிறு பங்குதான் ஆகும். போனதை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள், எல்லாப் பட்டைகளையும் மாற்றச் சொல்லுங்கள். மற்றவையும் அதே வயதுதானே. பேனலைக் கழற்றும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டும், கொஞ்சம் வளைந்தாலும் கீறல் விழுந்துவிடும். தனியாகச் செய்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

டார்ச்சில் ஒன்றுமே தெரியாவிட்டால் மெயின் போர்டாகவும் இருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடு விழுந்திருந்தால்தான் பெரும்பாலும் பேனல் பக்கத்துக் கோளாறு. அதற்குச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: உலகத்தில் பேனல் விலை விழுந்துவிட்டதாக யூடியூபில் சொல்கிறார்கள். இங்கே ஏன் இறங்கவில்லை? 65 அங்குலத்துக்காகக் காத்திருக்கலாமா?
— பண்டாரவளை

பதில்: பேனல் விலை 2021 நடுவில் உச்சிக்குப் போய், 2022 இல் அதலபாதாளத்துக்கு விழுந்தது. அதே 2022 இல்தான் நம் ரூபாவும் விழுந்தது. வருடத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியது. உலகம் மலிவாக வாங்கிய காலத்தில் நமக்கு டிவி விலை ஏறியது இதனால்தான். மேலே இறக்குமதி வரிகள், 2024 முதல் 18 வீத வாட் வேறு.

பெரிய சைஸ் மலிந்ததற்குக் காரணம் உண்டு. புதிய தொழிற்சாலைகளில் 2940க்கு 3370 மில்லிமீட்டர் கண்ணாடித் தகட்டில் பேனல் செய்கிறார்கள். அதில் 65 அங்குலம் எட்டு, கழிவு அதிகமில்லாமல் வெட்டலாம். ஆனால் 65 அங்குல டிவி கிட்டத்தட்ட நாலே முக்கால் அடி அகலம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அதன் முன் எங்கே உட்காருவீர்கள்? இடமிருந்தால் விலை பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் 43 போதும். இதற்காகக் காத்திருப்பதில் லாபமில்லை. டொலர் எந்தப் பக்கம் போகும் என்பது பேனல் விலையைவிட உங்களைப் பாதிக்கும்.

கேள்வி: வாரண்டி இருந்தும் கடைக்காரர் இழுத்தடிக்கிறார். எங்கே போவது?
— பதுளை

பதில்: பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், அதோடு எழுத்திலும் கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். பில்லையும் வாரண்டி கார்டையும் இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள், கடை பில்லின் மை சீக்கிரம் மங்கிவிடும்.

கேள்வி: இடி இடிக்கும்போது ப்ளக்கைக் கழற்றினால் போதுமா?
— வெலிமடை

பதில்: போதாது. டிஷ் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் இறங்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர மழைக்கு முன்பே கழற்றிவிடுங்கள், இடி தொடங்கிய பிறகு வயரில் கைவைக்க வேண்டாம்.