கேள்வி பதில்: எல்லை தாண்டிய சமூக அறிவியல்

நாடுகளுக்கிடையே சமூக அறிவியலாளர்கள் சேர்ந்து வேலை செய்த வரலாற்றைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். குவிந்துவிட்டன. தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன். வெளிநாட்டு உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பது என் துறை அல்ல. அதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

இது எப்போது தொடங்கியது? (முதுகலை மாணவி, திருச்சி)

புள்ளிவிவரக்காரர்கள்தான் முந்திக்கொண்டார்கள். பெல்ஜியத்தின் அடால்ஃப் கெத்லே முயற்சியால் 1853இல் பிரஸ்ஸல்ஸில் முதல் பன்னாட்டுப் புள்ளியியல் மாநாடு கூடியது. ஒவ்வொரு நாடும் மக்கள்தொகையையும் குற்றங்களையும் தன் போக்கில் எண்ணிக்கொண்டிருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது என்பதுதான் அவர்கள் கவலை. சமூகவியலுக்கு 1893இல் ரெனே வோர்ம்ஸ் பாரிஸில் ஒரு பன்னாட்டுக் கழகம் அமைத்தார். ஆனால் இன்று நாம் காணும் அமைப்புகள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியவை.

1949, 1950, 1952 என்று வரிசையாக இத்தனை சங்கங்கள் முளைத்தது ஏன்? (கல்லூரி ஆசிரியர், கோவை)

யுனெஸ்கோவுக்குத் தேவைப்பட்டது, அதனால் முளைத்தன. அரசுகள் உறுப்பினராக உள்ள அமைப்பு தனித்தனிப் பேராசிரியர்களோடு நேரடியாகக் காரியம் நடத்த முடியாது. பேசவும், ஒப்பந்தம் போடவும், பணம் கொடுக்கவும் எதிரே ஒரு சங்கம் இருக்கவேண்டும். இல்லாத இடத்தில் உருவாக்கினார்கள். சமூகவியல் சங்கம் 1949இல் ஓஸ்லோவில், அரசியல் அறிவியல் சங்கம் அதே ஆண்டு பாரிஸில், பொருளியல் சங்கம் 1950இல். இவற்றுக்கெல்லாம் மேலே 1952இல் பன்னாட்டுச் சமூக அறிவியல் மன்றம். அறிஞர்கள் ஒருவரையொருவர் தேடி ஏங்கிக் கூடினார்கள் என்று ஆண்டு மலர்கள் எழுதும். பணம் யார் கொடுத்தார்கள், ரசீது யாருக்குப் போனது என்று பாருங்கள்; எந்தக் கூட்டு ஆய்வைப் படித்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும்.

யுனெஸ்கோவின் இனம் பற்றிய அறிக்கையால் ஏதாவது மாறியதா? (வழக்கறிஞர், சேலம்)

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1950 அறிக்கையை எழுதிய சிறு குழுவுக்குத் தலைவர் அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் ஃப்ராங்க்ளின் ஃப்ரேசியர். நம் நாட்டுக் கல்வியாளர் ஹுமாயூன் கபீரும் அதில் இருந்தார். இனம் என்பது உயிரியல் உண்மை என்பதைவிடச் சமூகம் கட்டிய கதை என்று துணிந்து சொன்னார்கள். அதோடு நின்றிருக்கலாம், மனிதன் பிறவியிலேயே ஒத்துழைக்கும் நாட்டம் உடையவன் என்று உயிரியலே காட்டுவதாகவும் சேர்த்துவிட்டார்கள். மரபியலாளர்களும் உடல்சார் மானிடவியலாளர்களும் பிடித்துக்கொண்டார்கள். 1951இல் அவர்களையும் உட்காரவைத்து இரண்டாவது அறிக்கை எழுதவேண்டியதாயிற்று. அது அடக்கி வாசித்தது.

அறிக்கையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது பிரேசில் ஆய்வு. நிறப் பாகுபாடு இல்லாமல் வாழ்வது எப்படி என்று உலகுக்குக் காட்ட ஒரு நாடு வேண்டும் என்று யுனெஸ்கோ தேடியது. பிரேசிலுக்கு அந்தப் பெயர் இருந்தது. மானிடவியலாளர் ஆல்ஃபிரட் மெத்ரோவின் மேற்பார்வையில் 1951 வாக்கில் பல நகரங்களில் ஆய்வு தொடங்கியது. சாவோ பாவ்லோவில் ரோஜே பாஸ்தித் என்ற பிரெஞ்சுக்காரரும் ஃப்ளோரஸ்தான் ஃபெர்னாண்டஸ் என்ற பிரேசில்காரரும் சேர்ந்து தோண்டினார்கள். கிடைத்தது நேர்மாறானது: வேலையிலும் வாழ்க்கை உயர்விலும் நிறம் குறுக்கே நின்றது. பிரேசிலின் தன்னைப் பற்றிய பெருமிதத்தில் அன்று விழுந்த கீறல் இன்றுவரை ஆறவில்லை. பணம் கொடுத்தவர் எதிர்பார்த்த பதில் வராத ஆய்வு என்பதால் இதன் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஒன்று விட்டுப்போயிற்று: இனப் பிரச்சினையில் தலையிடும் வெளியீடுகளைக் காரணம் காட்டி 1955இல் தென்னாப்பிரிக்கா யுனெஸ்கோவிலிருந்து விலகுவதாக அறிவித்தது. மாறியதா என்று கேட்டீர்கள். யாருக்குச் சுட்டது என்பதிலிருந்து நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை கிடைக்குமா?

முதல் பத்தியைப் படியுங்கள்.

இதெல்லாம் சி.ஐ.ஏ. வேலைதானே? (பெயர் வேண்டாம் என்றவர்)

சில, ஆம். கம்யூனிச எதிர்ப்பு அறிவுஜீவிகளின் அமைப்பான பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ் 1950இல் பெர்லினில் பிறந்தது, அதற்குச் சி.ஐ.ஏ. பணம் போனது 1967இல் சந்தேகத்துக்கு இடமின்றி அம்பலமானது. எல்லாமே அப்படித்தான் என்று சொல்ல ஆதாரம் வேண்டும்.

கேமலாட் திட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்க ராணுவம் சிலியை உளவு பார்த்தது அல்லவா? (இளம் ஆய்வாளர், புதுச்சேரி)

திட்டம் உண்மை, ராணுவம் உண்மை. சிலியில் உளவு பார்த்தது என்பது மட்டும் நடக்கவில்லை. வளரும் நாடுகளில் உள்நாட்டுப் போர் எதனால் மூள்கிறது, அரசு என்ன செய்தால் அடங்கும் என்று கண்டறிய அமெரிக்க ராணுவப் பணத்தில் 1964இல் தீட்டப்பட்டது அது. மதிப்பீடு 60 லட்சம் டாலர் வரை. அந்தக் காலச் சமூக அறிவியலுக்கு அது கற்பனைக்கு எட்டாத தொகை. சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் கற்பித்துக்கொண்டிருந்த நார்வே சமூகவியலாளர் யோஹான் கால்துங்குக்கும் அழைப்பு வந்தது. அவர் மறுத்தார், மறுத்ததோடு கடிதத்தைச் சிலி நண்பர்களிடம் காட்டினார். அதே வேளையில் ஹ்யூகோ நுட்டினி என்ற மானிடவியலாளர் சிலிப் பேராசிரியர்களை அணுகி, பணம் யாருடையது என்பதை மறைத்துப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டும் மோதின. பத்திரிகைகள் கொதித்தன, நாடாளுமன்றம் விசாரித்தது. 1965 ஜூலை 8 அன்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே திட்டத்தைக் கைவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஆய்வுக்கென்று முதலில் குறித்த நாடுகளில் சிலியே இல்லை.

நடக்காத திட்டத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள் என்கிறீர்களா? அப்படியென்றால் கால்துங் செய்தது விளம்பரம்தானே? (ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, சென்னை)

ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை. வேலை தொடங்கவில்லை என்பது ஒன்று. ஏமாற்றித் தொடங்கப் பார்த்தார்கள் என்பது வேறு. கால்துங் கேட்டது எளிது: லத்தீன் அமெரிக்க நாடுகள் அமெரிக்காவின் விவகாரங்களில் தலையிடக்கூடிய சூழலை ஏன் யாரும் ஆராய்வதில்லை? ஒரு நாட்டைப் பற்றிய அறிவெல்லாம் அந்த நாட்டுக்கு வெளியே போய்ச் சேர்வதை அவர் அறிவியல் காலனியம் என்றார். விளம்பரத்துக்கு அலைபவர் இவ்வளவு கூர்மையாகக் கேட்கமாட்டார்.

அப்படியென்றால் வெளிநாட்டுக்காரரோடு சேர்வதே தவறா? நம் ஊருக்கு வரும் ஒவ்வொரு ஆய்வாளரையும் சந்தேகிக்கவேண்டுமா? (அதே புதுச்சேரி ஆய்வாளர்)

வேண்டாம். மூன்று கேள்விகள் போதும்: பணம் யாருடையது, கேள்வித்தாளை எழுதியது யார், தரவு கடைசியில் யார் பெட்டியில் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே ஊரின் பெயர் பதிலாக வந்தால் உங்களுக்கு அங்கே தகவல் திரட்டும் வேலை மட்டும்தான்.

அந்தச் சென்னை அதிகாரி சொன்னதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவைத் திட்டுபவர்கள் சோவியத் பக்கத்தைப் பேசுவதில்லை. (வாசகர், நாகர்கோவில்)

பேசுவோமே. பனிப்போரின் நடுவில் இரு பக்கமும் ஒரே கேள்வித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கதை உண்டு. பன்னாட்டுச் சமூக அறிவியல் மன்றம் 1963இல் வியன்னாவில் ஒரு மையம் வைத்தது. கிழக்கும் மேற்கும் விசா தொல்லை இல்லாமல் சந்திக்கும் இடம். அங்கே அலெக்சாண்டர் சாலாய் என்ற ஹங்கேரியர் 12 நாடுகளில் நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தினார். 1965-66இல் அமெரிக்காவின் ஜாக்சன் நகரத்திலும் சோவியத்தின் ப்ஸ்கோவ் நகரத்திலும் மக்கள் ஒரே மாதிரி நாட்குறிப்பு நிரப்பினார்கள்: எத்தனை மணிக்கு என்ன செய்தேன், கூடவே வேறு என்ன செய்துகொண்டிருந்தேன், எங்கே, யாருடன். சமைத்துக்கொண்டே வானொலி கேட்டால் இரண்டும் பதிவாகும். நள்ளிரவிலிருந்து நள்ளிரவுவரை ஒரு நாள் முழுவதும்.

முதலாளித்துவமா சோஷலிசமா என்று அடித்துக்கொண்டிருந்த காலத்தில் வந்த முடிவு இரண்டு தரப்புக்கும் ருசிக்கவில்லை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எங்கேயுமே ஆணைவிட ஓய்வு நேரம் குறைவு. விடுமுறை நாளில் அவள் வாரத்தின் பாக்கி வீட்டுவேலையை முடித்தாள். தொகுப்பு 1972இல் வெளிவந்தது. என் மூன்று கேள்விகளையும் தாண்டி நிற்கும் அரிய ஆய்வு; கேள்வித்தாளை எல்லாரும் கூடி எழுதினார்கள்.

இதெல்லாம் சி.ஐ.ஏ...

மேலே சொல்லியாயிற்று.

தமிழ்நாட்டுக்குத் தொடர்பு உண்டா? (நூலகர், விழுப்புரம்)

உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களைப் பற்றி எழுதிவரச் செய்தார். அவற்றில் ஒன்று இருவேல்பட்டு. 1930களில் மறுபடி ஆராய்ந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் அதே ஊரைப் பற்றி எழுதினார்கள். குகன் இருந்த சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை 1971இல் தொடங்கியவர் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா. அதற்கு முன் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர். பாரிஸில் இருந்து திரும்பியவர் அடையாறில் இந்த ஆய்வு நிறுவனத்தை வைத்தார். உள்ளூரில் நூலகமும் ஆட்களும் இருந்தால்தான் வருகிறவரோடு சமமாக உட்கார முடியும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அந்த 1952 மன்றம் இன்னும் இருக்கிறதா? (மாணவர், தஞ்சாவூர்)

2018இல் இயற்கை அறிவியல் மன்றத்தோடு இணைந்துவிட்டது. இப்போது பன்னாட்டு அறிவியல் மன்றம் என்று பெயர், தலைமையிடம் பாரிஸ்.

ஐயா, ஒரே ஒரு உதவித்தொகைக் கேள்வி...

போதும். மீதிக் கேள்விகள் அடுத்த வாரம்.