அந்த ஐ7-க்குப் பக்கத்தில் என்ன நம்பர்?

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்தால் முக்கால்வாசி கேமிங் கம்ப்யூட்டர் பற்றித்தான். அதனால் போன் சூடாவது, பிரிண்டர் தகராறு எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: சார், காலேஜ் முதல் வருஷம் படிக்கிறேன். மானிட்டர் இருக்கிறது, சிபியுவுக்கு மட்டும் 60,000 ரூபாய் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர்க் கடையில் "ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 32,000தான், மீதிக்கு கேமிங் சேர் வாங்கிக்கோ" என்கிறார்கள். வேலரன்ட், ஜிடிஏ 5 விளையாடுவேன். சைபர்பங்க் 2077 மேல் ஓர் ஆசை. வாங்கலாமா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: வேண்டாம் தம்பி. கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், அந்த ஐ7-க்குப் பக்கத்தில் என்ன நம்பர்? 3770, 4770 என்று வந்தால் அது 2012, 2013-இல் வந்த சரக்கு. எங்கோ ஓர் ஆபீசில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரிலிருந்து பிராசசரைக் கழற்றி, இதற்கென்றே இன்னும் தயாராகிக்கொண்டிருக்கும் புது எச்61, எச்81 மதர்போர்டில் மாட்டி, கண்ணாடிக் கேபினெட்டுக்குள் கலர் லைட் எரியவிட்டால் "புது கேமிங் பிசி" ரெடி. ஓடாது என்று சொல்லவில்லை. ஆனால் நான்கே கோர் உள்ள ஐ3 12100எஃப், அந்தப் பழைய ஐ7-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். அப்புறம் விண்டோஸ் 11 இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருவார்கள். தந்தாலும் விண்டோஸ் 11-இல் வேலரன்ட் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும், அந்த போர்டில் டிபிஎம் 2.0-வுக்கு எங்கே போவீர்கள்?

இந்த மாதிரி செட்டில் வரும் "4 ஜிபி கார்டு" பெரும்பாலும் ஜிடி 730-ஆக இருக்கும். 2014-இல் வந்த கார்டு, படம் காட்டத்தான் லாயக்கு. 4 ஜிபி என்பது மெமரியின் அளவு, வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, 60,000-ஐ என்ன செய்யலாம்? மூன்றில் ஒரு பங்கை முதலில் கிராபிக்ஸ் கார்டுக்கு என்று ஒதுக்கிவிட்டு மற்றதைப் பாருங்கள். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள், பிராசசரில் பணத்தைக் கொட்டிவிட்டுக் கடைசியில் மிஞ்சும் காசுக்கு ஒரு கார்டு வாங்குகிறார்கள். 1080பி மானிட்டரில் விளையாட ரைசன் 5 5600 போதும், அல்லது ஐ5 12400எஃப். இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், எந்தக் கடையில் எது மலிவோ அதை எடுங்கள். இரண்டிலுமே உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு மாட்டாமல் திரையில் எதுவும் வராது என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். 5600-உடன் பெட்டியிலேயே வரும் கூலர் போதும். லிக்விட் கூலர் ஆசையை அடுத்த கம்ப்யூட்டருக்கு வைத்துக்கொள்ளலாம்.

கார்டில் ஆர்எக்ஸ் 6600 ஸ்டாக் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள், 8 ஜிபி, 132 வாட்டில் அடங்கிவிடும். இல்லையென்றால் ஆர்டிஎக்ஸ் 5050. இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு, ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு கார்டுகள் விற்கின்றன. 6 ஜிபி கார்டில் குறைந்தது மெமரி மட்டுமில்லை, கோர் எண்ணிக்கையும் 2560-லிருந்து 2304-ஆகக் குறைந்திருக்கிறது, மெமரிப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96-ஆகச் சுருங்கியிருக்கிறது. அதற்குத் தனி பவர் ஒயர் தேவையில்லை என்பது ஒரு வசதி, பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாட்டுகிறவர்களுக்கு அது சரி. உங்களுக்கு அது தேவையில்லை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கமும் போகாதீர்கள். அந்தக் கார்டு நான்கே பிசிஐஇ லேன்களில் (கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா போகும் பாதைகள்) ஓடுவது, ஏ520, பி450 மாதிரி பிசிஐஇ 3.0 போர்டில் மாட்டினால் இன்னும் திணறும்.

"ஏஎம்5 வாங்கினால் பின்னால் அப்கிரேடு பண்ணலாமே" என்று நண்பர் யாராவது சொல்வார். ஏஎம்4, ஏஎம்5 என்பவை ஏஎம்டி பிராசசர் உட்காரும் போர்டு வகைகள், மேலே சொன்ன 5600 உட்காருவது ஏஎம்4-இல். நண்பர் சொல்வது உண்மைதான், ஏஎம்4-இல் மேலே ஏற இனிப் பெரிதாக இடமில்லை. ஆனால் ஏஎம்5-இல் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் ஏறும், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எங்கே போய் நிற்கிறது என்று கடையில் கேட்டுப் பாருங்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போகின்றன, அந்தச் சுமை நம் தலையில் விடிகிறது. டிடிஆர்4-ம் ஏறித்தான் இருக்கிறது, ஆனாலும் 60,000-க்குள் ஏஎம்5-ஐ நுழைத்தால் வெட்டு விழுவது கிராபிக்ஸ் கார்டில். நாளைய அப்கிரேடுக்காக இன்றைக்கு மட்டமான கார்டில் விளையாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரேம் 16 ஜிபி, 8-ஆக இரண்டு. எஸ்எஸ்டி, வேகமான என்விஎம்இ வகையாக இருக்கட்டும், பட்ஜெட் இடித்தால் 500 ஜிபியோடு நிறுத்திக்கொண்டு பின்னால் சேர்க்கலாம். சைபர்பங்க் இப்போது எஸ்எஸ்டி இருந்தாக வேண்டும் என்றே கேட்கிறது. கேபினெட்டின் முன்பக்கம் வலையாக இருக்கட்டும், நம் ஊர் மே மாத வெயிலில் முன்னால் கண்ணாடி வைத்து மூடினால் உள்ளே காற்று எப்படிப் போகும்? அப்புறம், பிராசசரும் கார்டும் ஒன்றையொன்று எவ்வளவு தடுக்கின்றன என்று சொல்வதாக இணையத்தில் பாட்டில்நெக் கால்குலேட்டர் என்று ஒன்று சுற்றுகிறது. "17 சதவீதம் பாட்டில்நெக்" என்று அது சொல்லிவிட்டதாம், அதைக் கேட்டு மூன்று பேர் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். கேமையும் ரெசல்யூஷனையும் பொறுத்து மாறுகிற விஷயத்துக்கு ஒற்றை எண் எப்படிச் சொல்ல முடியும்? விட்டுத் தள்ளுங்கள்.

கேள்வி: புதிதாக ஆர்எக்ஸ் 6600 போட்டேன், பிராசசர் ரைசன் 5600. கேம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று ஆஃப் ஆகிறது. படம் பார்த்தால், பிரவுஸ் பண்ணினால் ஒன்றும் ஆவதில்லை. கார்டு போய்விட்டது என்கிறார் சர்வீஸ்காரர். எஸ்எம்பிஎஸ் (கரன்ட் சப்ளை பெட்டி) கேபினெட்டுடன் வந்த 500 வாட். (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கார்டைக் குற்றம் சொல்லும் முன் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் 500-ஐ மறந்துவிட்டு +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்களில் 16ஏ என்று போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதும் அதுவானால் கணக்கு எளிது: 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். உங்கள் கார்டுக்கு 132, 5600 முழு வேகத்தில் ஓடும்போது 76, இரண்டும் சேர்த்தே 208 வந்துவிட்டது. ஃபேன், டிஸ்க் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. படம் பார்க்கும்போது கார்டு சும்மா இருக்கிறது, அதனால் தாங்குகிறது. கேமில் இரண்டும் சேர்ந்து இழுத்தால் படுத்துவிடுகிறது.

நண்பர் வீட்டிலிருந்து ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள், அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மாற்றுவதானால் கோர்சேர், கூலர் மாஸ்டர், டீப்கூல் மாதிரிப் பெயர் தெரிந்த கம்பெனியில் 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) தர முத்திரை போட்ட 450 அல்லது 550 வாட் போதும், 750 எல்லாம் தண்டம். இந்த ஒரு பொருளில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மட்டமான ரேம் போனால் ரேம் மட்டும்தான் போகும், மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

கூடவே யுபிஎஸ்ஸையும் பாருங்கள். வீடுகளில் சாதாரணமாக இருப்பது 600 விஏ, அது தாங்குவது 360 வாட் வரைதான். மானிட்டரையும் அதிலேயே சொருகிவிட்டு கேம் நடுவில் கரன்ட் போனால் சேவ் பண்ணக்கூட நேரம் கிடைக்காமல் போகலாம். இன்வெர்ட்டர் லைனில் ஓட்டுகிறவர்கள் அதன் பின்னால் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டு வையுங்கள்.

கேள்வி: பையன் பத்தாவது போகிறான். படிப்புக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் கேட்கிறான். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் வாங்கினால் என்ன, பரீட்சை முடிந்ததும் வாங்கித் தரலாம் என்று பார்க்கிறேன். (ஓர் அம்மா, ஈரோடு)

பதில்: தாராளமாகச் செய்யலாம்மா. ரைசன் 5 5600ஜி என்று கேளுங்கள், அந்த "ஜி" முக்கியம். பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. வேலரன்ட், மைன்கிராஃப்ட் எல்லாம் செட்டிங்கைக் குறைத்து வைத்தால் நன்றாகவே ஓடும், பெரிய கேம்கள் ஓடாது. பத்தாவது வருஷத்தில் அது நல்லதுதானே.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடைக்காரர் 16 ஜிபி ரேமை ஒரே துண்டாகப் போட்டுத் தரப் பார்ப்பார், "பின்னாடி இன்னொண்ணு சேர்த்துக்கலாம்" என்பார். வேண்டாம், 8-ஆக இரண்டு துண்டு கேளுங்கள். இந்த வகைப் பிராசசரின் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரே துண்டு என்றால் மெமரிக்கான பாதை பாதியாகிவிடும், கேமில் அது நேராகத் தெரியும். எஸ்எம்பிஎஸ்ஸை இப்போதே நல்லதாக வாங்கிவிட்டால் பின்னால் கார்டு போடும்போது மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் இரண்டே மாதத்தில் கார்டு வாங்கித் தரப் போகிறீர்கள் என்றால் 5600ஜி வேண்டாம், பொறுத்திருந்து 5600-ஐயும் கார்டையும் சேர்த்தே வாங்குங்கள். கார்டு போட்டு விளையாடும்போது 5600-தான் வேகம், அதில் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் மெமரி 32 எம்பி, ஜி-யில் 16.

கேள்வி: ஆர்ஜிபி (கலர் லைட்) ஃபேன் போட்டால் கேமில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) கூடுமா? (வாசகர், சிவகாசி)

பதில்: கூடாது. தீபாவளிக்குச் சீரியல் பல்பு வாங்கும் செலவு மிச்சம்.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் வித்தியாசமே தெரியவில்லை அண்ணா. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங் போய் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் பாருங்கள், 60-இலேயே நிற்கும். மாற்றுங்கள். 144 என்ற தேர்வே வரவில்லையென்றால் கேபிளை டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். கேபிள் கார்டில்தான் சொருகியிருக்கிறதா, மதர்போர்டிலா என்பதையும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மைனிங்கில் ஓடிய ஆர்எக்ஸ் 580 சல்லிசாக வருகிறது. நம்பி வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டு மைனிங்கை (கார்டை இரவுபகலாக ஓட்டி நாணயம் சம்பாதிக்கும் வேலை) விட்டு வெளியேறியதும் சந்தைக்கு வந்து குவிந்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை, ஃபேனும் தெர்மல் பேஸ்டும்தான் முதலில் தேயும், இரண்டையும் மாற்றிவிடலாம். 580-இல் என் கவலை வேறு. அதில் 2048எஸ்பி என்று ஒரு வகை உண்டு, பெயர்தான் 580, உள்ளே இருப்பது 570-இன் அளவு கோர்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை விற்கிறவரின் கம்ப்யூட்டரிலேயே போட்டு ஷேடர்ஸ் என்ற இடத்தைப் (அதுதான் கோர் எண்ணிக்கை) பாருங்கள், 2304 இருந்தால் அசல் 580. கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றிப் பெயர் திருடிய கார்டுகள் பலவற்றை அதே மென்பொருள் ஃபேக் என்று காட்டிக்கொடுத்துவிடும். அரை மணி நேரம் ஒரு கேமை ஓடவிட்டுப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள், "வீட்ல போய் போட்டுப் பாருங்க, பிரச்சினைன்னா போன் பண்ணுங்க" என்றால் நடையைக் கட்டுங்கள். ஏஎம்டியும் இந்தக் கார்டுகளுக்கு டிரைவர் தருவதைக் குறைத்துக்கொண்டுவிட்டது. அதனால் உண்மையிலேயே சல்லிசு என்றால் மட்டும்.

கேள்வி: ஆன்லைனா, ரிச்சி ஸ்ட்ரீட்டா? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வந்துவிடும் தூரம்தானே, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே வாருங்கள். ஆனால் ஆன்லைன் விலைகளை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். முதல் கடையில் சொல்லும் விலைக்கு வாங்காமல் நாலு கடையில் கொட்டேஷன் வாங்குங்கள், வெள்ளைத் தாளில் எழுதித் தருவார்கள். அதில் போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றுக்கும் கம்பெனி பெயரும் மாடலும் எழுதச் சொல்லுங்கள். "16 ஜிபி ரேம்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் மாட்டும்போது எது வேண்டுமானாலும் மாட்டுவார்கள். "பில் இல்லாமன்னா குறைச்சுத் தரேன்" என்ற பேச்சு கட்டாயம் வரும், 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகிறதே என்று மயங்காதீர்கள். கார்டுக்கு மூன்று வருஷ வாரன்டி என்றால் அந்த மூன்று வருஷமும் சர்வீஸ் சென்டரில் அவர்கள் கேட்பது சீரியல் நம்பரையும் பில்லையும்தான். சீரியல் நம்பர் பில்லில் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்குங்கள். அசெம்பிள் பண்ணி முடித்ததும் போர்டின் பயாஸ் செட்டிங்கில் ரேமை முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் 3200-க்குக் காசு கொடுத்த ரேம் 2133-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கும். காலிப் பெட்டிகளையும் விடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், நிறையக் கடை அடைத்திருக்கும்.