இரத்த வாந்தி: எண்டோஸ்கோபியை மறுநாள் செய்தது தாமதமா?

கேள்வி: மூட்டுவலிக்காகப் பல மாதங்களாக வலி மாத்திரை சாப்பிட்டுவந்த என் தந்தை (வயது 68) ஒரு மாலையில் இரண்டு முறை இரத்த வாந்தி எடுத்தார். முந்தைய நாளே மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. மருத்துவமனையில் டிரிப்ஸும் இரத்தமும் ஏற்றிவிட்டு, மறுநாள் காலையில்தான் எண்டோஸ்கோபி செய்தார்கள். முன்சிறுகுடல் புண்ணில் கிளிப் போட்டதாகச் சொன்னார்கள். இரவே செய்திருக்க வேண்டாமா? கிளிப் போட்ட பிறகும் மூன்று நாள் ஏன் வைத்திருந்தார்கள்? மாரடைப்பு வந்ததிலிருந்து அவர் சாப்பிடும் ஆஸ்பிரினை நிறுத்திவிடலாமா?

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. வாந்தியில் இரத்தத்தைக் கண்ட வீட்டாருக்கு ஒவ்வொரு மணி நேரமும் ஒரு யுகமாகத்தான் இருக்கும். ஆனால், அந்த இரவில் மருத்துவர்கள் கைகட்டி நின்றுவிடவில்லை. இரத்த அழுத்தம் சரிந்திருக்கும் ஒருவருக்கு மயக்க மருந்து கொடுத்துக் குழாயை உள்ளே செலுத்தினால், புண்ணைவிட அந்தப் பரிசோதனையே அவரை ஆபத்தில் தள்ளிவிடக்கூடும். அதனால் முதலில் திரவமும், தேவைக்கேற்ப இரத்தமும் ஏற்றி, நாடித்துடிப்பும் அழுத்தமும் நிலைப்பட்ட பிறகு, 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்வதே இன்றைய நடைமுறை. ஹாங்காங்கில் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், ஆபத்து மிகுந்த நோயாளிகளுக்கு 6 மணி நேரத்துக்குள் அவசரமாகச் செய்ததால் உயிரிழப்பு குறையவில்லை. எவ்வளவு ஏற்றியும் அழுத்தம் நிலைக்காமல் இரத்தம் கொட்டிக்கொண்டே இருப்பவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. காத்திருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. உறைந்த இரத்தம் இரைப்பையில் நிரம்பிக் கிடந்தால் கேமராவுக்கு எதுவும் தெரியாது. அதற்காகவே சில வேளைகளில் எரித்ரோமைசின் ஊசியை முன்கூட்டியே போடுகிறோம். கிருமிக்கொல்லியான அந்த மருந்து இங்கே இரைப்பையைச் சுருங்கச்செய்து உள்ளிருப்பதைக் கீழே தள்ளும் வேலையைச் செய்கிறது.

இனி கிளிப்புக்கு வருவோம். புண்ணின் அடியில் இரத்தக்குழாய் பீய்ச்சிக்கொண்டிருக்கலாம், கசியலாம், அல்லது நின்றுபோய்ச் சிறு மேடாகத் துருத்திக்கொண்டிருக்கலாம். இந்த நிலைகளை 1974-இல் ஃபாரஸ்ட் என்ற மருத்துவர் வகுத்துக்கொடுத்தார். சிகிச்சை தேவையா என்பதை இன்றும் அதை வைத்தே முடிவு செய்கிறோம். பீய்ச்சும் புண்ணைச் சுற்றி 10,000-இல் ஒரு பங்காக நீர்த்த, இரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் மருந்தைச் செலுத்தினால், திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சவ்வு வெளுத்து உப்பி, பீய்ச்சல் தளர்ந்து நிற்கும். மருந்தின் வேகம் குறைந்ததும் மறுபடி ஒழுகக்கூடும் என்பதால் அட்ரினலினோடு மட்டும் விடுவதில்லை. உலோகக் கிளிப்பால் குழாயைக் கவ்விவிடுவதோ, வெப்பத்தால் பொசுக்கி அடைப்பதோ அவசியம். அந்தக் கிளிப் நாளடைவில் தானே கழன்று மலத்தோடு போய்விடும், இடையில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். கல்லீரல் சுருக்கத்தால் உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள் வெடித்து வரும் இரத்தத்துக்கு இந்த வழி உதவாது. அங்கே ரப்பர் வளையம் மாட்டுவதே சிகிச்சை.

மறு இரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள்தான் வருகிறது. உங்கள் தந்தையை 72 மணி நேரம் அமிலம் குறைக்கும் மருந்தோடு கண்காணிப்பில் வைத்ததன் காரணம் அதுவே. மீண்டும் கசிந்திருந்தாலும் உடனே அறுவை சிகிச்சைக்குப் போயிருக்க மாட்டார்கள். இன்னொரு முறை எண்டோஸ்கோபிதான் செய்திருப்பார்கள்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவே கூடாது. உங்கள் தந்தையைப் போல் இதய, மூளை இரத்தக்குழாய் நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்களிடம் நடத்தப்பட்ட 2010-ஆம் ஆண்டு ஆய்வில், சிகிச்சை முடிந்ததும் அதைத் தொடர்ந்தவர்களுக்கு மறு கசிவு சற்றுக் கூடினாலும், இறந்தவர்கள் குறைவு. இதய மருத்துவரிடம் கேட்டு, அமிலக்குறைப்பு மாத்திரையின் துணையோடு சீக்கிரமே தொடங்குவது நல்லது. நிறுத்த வேண்டியது புண்ணை உண்டாக்கக்கூடிய மூட்டுவலி மாத்திரையைத்தான். புண்ணுக்கு இன்னொரு காரணமான ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இரத்தக்கசிவு நேரத்தில் ‘இல்லை’ என்று வரும் முடிவை நம்பாமல், பின்னர் ஒருமுறை மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

இரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் அதனாலும் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். தார்போல் பிசுபிசுத்துப் பளபளப்பாக, கடும் நாற்றத்தோடு போனாலோ, எழுந்து நின்றதும் தலைசுற்றினாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.