கல்வி இலவசம்தானே, மறுகா ஏன் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைப் பக்கம் தனியா இலவச வகுப்பு?

நல்ல கேள்விதான். 1945ல இருந்து நம்மட இலங்கையில கல்வி இலவசம், 1980ல இருந்து பாடப்புத்தகமும் 1993ல இருந்து சீருடைத் துணியும் சும்மா கிடைக்குது, ஆனா கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, டியூசன் காசு இதெல்லாம் வீட்டுத் தலையிலதானே விழுது. வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் கூலிக்கு வயல் வெட்டப் போற குடும்பத்துல மூணு புள்ளைக்கு டியூசன் காசு எங்க இருந்து வாற?

நாங்க ஊர் வாசிகசாலையில பின்னேர வகுப்பு தொடங்கின நேரம் ஒரு புள்ள அண்ணன்ட பழைய கொப்பியில மிஞ்சின பக்கத்தக் கிழிச்சி நூலால தைச்சிக் கொண்டு வந்திச்சி, அதப் பார்த்துத்தான் முதல்ல கொப்பி வாங்கணும் எண்டு முடிவெடுத்தம்.

நீங்களும் தொடங்கிற எண்டா ஏஎல் (உயர்தரப் பரீட்சை) முடிச்சிட்டு கெம்பஸுக்கு காத்திருக்கிற ஊர்ப் புள்ளைகளப் புடிங்க, அவங்களுக்கு வீடு வாசல் எல்லாம் தெரியும், வராத புள்ளையத் தேடிப் போவாங்க. அவிச்ச கௌபி கொஞ்சம் குடுங்க, பசியோட கணக்கு ஏறாது. யானை இறங்கிற ஊர் எண்டா பொழுதுபட முதல் கட்டாயம் வகுப்ப முடிச்சி அனுப்பிடுங்க.