சோல்கேலிபர் 3: உருவாக்கிய வீராங்கனை அழிந்துபோனால் என்ன செய்வது?

கேள்வி: அண்ணா, நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். மாமா கொடுத்த பிளேஸ்டேஷன் 2இல் சோல்கேலிபர் 3 என்ற சண்டை கேமை விளையாடுகிறேன். சொந்தமாக ஒரு வீராங்கனையை உருவாக்கி நிறைய நாள் வளர்த்தேன். மெமரி கார்டில் இடம் வேண்டும் என்று மாமாவின் பழைய கால்பந்து கேம் பதிவுகளை அழித்தேன். அப்புறம் சோல்கேலிபர் பதிவே கெட்டுப்போய்விட்டது. அவள் திரும்பக் கிடைப்பாளா? மறுபடி தொடங்கினால் எப்படிக் காப்பாற்றுவது? லோரோங் கூலிட் சந்தையில் பழைய மெமரி கார்டு வாங்கலாமா?

பதில்: தம்பி, அந்தப் பதிவு திரும்ப வராது. கார்டைக் கடையில் கொடுத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. நாம்கோ 2005இல் வெளியிட்ட இந்த கேமில், வந்த புதிதிலேயே பலரை அழவைத்த கோளாறு இது. ஒரே கார்டில் இருக்கும் மற்ற கேம்களின் பதிவுகளை அழித்தாலோ இடம் மாற்றினாலோ, அதன் பிறகு சோல்கேலிபர் 3இன் பதிவு கெட்டுப்போகலாம். வட்டில் அச்சான கேம் என்பதால், இன்று வருவதுபோல இணையம் வழியாகத் திருத்தம் அனுப்பவும் அப்போது வழியில்லை.

அதிகம் அடிபட்டவர்கள் ‘கிரானிக்கிள்ஸ் ஆஃப் தி சோர்ட்’ பகுதியை விளையாடியவர்கள். நாம் உருவாக்கும் வீரர்கள் வளர்வதே அந்த இடத்தில்தான் என்பதால் இந்தக் கோளாறு கூடுதலாக வலிக்கிறது. வரைபடத்தில் கோட்டைகள் இருக்கும், நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் ஆட்களை ஒவ்வொரு கோட்டைக்கும் அனுப்ப வேண்டும். எதிரியைச் சந்தித்ததும் நீங்களே இறங்கிச் சண்டை போடலாம், அல்லது அவர்களே மோதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். மொத்தம் 20 அத்தியாயங்கள். ஒரு சண்டை கேமுக்குள் இப்படி ஒரு போர் வியூக ஆட்டத்தை வைத்த துணிச்சலுக்காகவே இதை நான் இன்றும் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். ஆட்களின் நிலை உயர உயரப் புதிய தொழில்களும் ஆயுதங்களும் திறக்கும். கட்டானா, ரேப்பியர், நஞ்சாக்கு போல எல்லோருக்கும் தெரிந்தவற்றோடு, இரும்பு விசிறி, தம்பூரின், காலில் மாட்டிக்கொள்ளும் கத்தி என்று வேறு கேம்களில் அதிகம் பார்க்காதவையும் உண்டு. ஆடை, முடி, முகம், குரல், நிறம் எல்லாம் உங்கள் விருப்பம். இவ்வளவையும் நீங்கள் ஒரு கார்டை நம்பித்தான் சேர்த்து வைத்தீர்கள். அதனால்தான் இழப்பு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

சரி, இனி செய்ய வேண்டியது. இந்த கேமுக்கு மட்டும் ஒரு கார்டு ஒதுக்குங்கள். அதில் வேறு எந்த கேமையும் சேமிக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். கார்டின் மேல் ஒரு தாளை ஒட்டி கேமின் பெயரை எழுதி வையுங்கள். வீட்டில் தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இடம் இல்லை என்று அழிப்பது பெரும்பாலும் இன்னொருவர் கைதான். சேமிக்கும்போது மின்சாரத்தை அணைப்பதோ கார்டை உருவுவதோ கூடவே கூடாது.

லோரோங் கூலிட்டில் தாராளமாக வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்குங்கள். சோனியின் 8 எம்பி கார்டு போதும். 64, 128 எம்பி என்று பெரிதாக எழுதியிருக்கும் பெயர் தெரியாத கார்டுகளை நான் நம்புவதில்லை. இன்னொரு விஷயம்: முதல் பிளேஸ்டேஷனின் கார்டும் இதே துளைக்குள் பொருந்தும், ஆனால் அதில் பிஎஸ்2 கேம்களைச் சேமிக்க முடியாது. 15 கட்டங்கள் என்று காட்டினால் அது முதல் பிளேஸ்டேஷனின் கார்டு, விட்டுவிடுங்கள். சந்தையில் சோதிக்க வசதி இருக்காது என்பதால், வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவாரா என்று முதலிலேயே கேட்டுவிட்டு வெள்ளியை நீட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும், சோல்கேலிபர் வட்டைப் போடுவதற்கு முன்பே, அதில் இருக்கும் பழைய பதிவுகளை முழுக்கத் துடைத்துவிடுங்கள். காலியான கார்டில் கிட்டத்தட்ட 8,000 கேபி இடம் காட்டும். துடைக்கும் வேலை அன்றோடு முடிந்துவிட வேண்டும்.

கொஞ்சம் செலவழிக்கத் தயார் என்றால், மைக்ரோ எஸ்டி போட்டு இயங்கும் புதுவகைக் கார்டுகளில் ஒவ்வொரு கேமுக்கும் தனி மெய்நிகர் கார்டு வைக்கலாம், அந்தக் கோப்பைக் கணினியில் அப்படியே பிரதியும் எடுக்கலாம். பிஎஸ்2 கேம்களைக் கணினியில் ஓட்டும் பிசிஎஸ்எக்ஸ்2 மென்பொருள் வழியாக விளையாடுகிறவர்களுக்கும் இதே வசதி உண்டு. அங்கே மெமரி கார்டு என்பதே ஒரு கோப்புதான். வாரம் ஒருமுறை பிரதி எடுத்தால் போதும்.

எதுவும் வாங்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீராங்கனையை உருவாக்கி முடித்ததும், ஆடை, நிற அளவுகள், முகம், குரல் என்று ஒவ்வொரு திரையையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். பதிவு போனாலும் அவளை அதே நிறத்தில், அதே முடியோடு மறுபடி கொண்டுவரலாம். நிலையும் கடைகளில் செலவழித்த தங்கமும் திரும்பாது, அவளுடைய தோற்றமாவது மிஞ்சும்.

இவ்வளவு பாடுபட்டு இதை விளையாட வேண்டுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். முதல் பாகம் 2008இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்தது. இரண்டாம் பாகம் 2013இல் மெருகேற்றி மறுபடி வெளியானது. மூன்றாவது பாகத்தின் இந்த வீட்டுப் பதிப்பு பல ஆண்டுகள் அப்படி வரவே இல்லை. அது வெளிவந்த நேரத்திலேயே எக்ஸ்பாக்ஸ் 360 கடைகளுக்கு வந்து எல்லோருடைய கண்ணையும் இழுத்துக்கொண்டது. சாசலமேல், டீரா, செட்சுகா என்ற கதாபாத்திரங்கள் மூவரும் தொடருக்குள் நுழைந்ததும் இந்த கேமில்தான். உங்களிடம் இருக்கும் வட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஒருவேளை வட்டு கீறி இன்னொன்று தேட வேண்டி வந்தால், உங்கள் வட்டில் அச்சாகியிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். எஸ்எல்யுஎஸ் என்றால் அமெரிக்கா, எஸ்சிஇஎஸ் அல்லது எஸ்எல்இஎஸ் என்றால் ஐரோப்பா. அதே எழுத்து உள்ளதையே வாங்குங்கள். ஒரு பகுதியின் பதிவை இன்னொரு பகுதியின் வட்டு படிக்காது, நீங்கள் காப்பாற்றிய கார்டு இருந்தும் பயன் இல்லாமல் போய்விடும். ஜப்பானில் வாங்கிய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அதன் மின்சார அளவைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 100 வோல்ட் மட்டும் தாங்குகிற இயந்திரத்தை நம் ஊர் 240 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும்.