'வெக்கை'யில் என்னதான் நடக்கிறது?

கேள்வி: கடந்த மூன்று மாதத்தில் மூன்று நாவல்கள் படித்தேன். பூமணியின் 'வெக்கை', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', சோ. தர்மனின் 'சூல்'. 'வெக்கை'யில் தொடக்கத்திலேயே கொலை முடிந்துவிடுகிறது, அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. 'அசுரன்' படமே தேவலை. 'கோவேறு கழுதைகள்' முழுக்க ஒரே ஒப்பாரி. 'சூல்' வட்டார வழக்கு புரியாமல் பாதியில் வைத்துவிட்டேன். சாகித்திய அகாதெமி விருது வாங்கும் நாவல்கள் எல்லாம் இப்படித்தான் இருக்குமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் விருது விஷயத்தை முடித்துவிடுவோம். இந்த மூன்றில் அகாதெமி விருது வாங்கியது 'சூல்' மட்டும்தான், 2019இல். பூமணிக்கு 2014இல் 'அஞ்ஞாடி'க்காகக் கொடுத்தார்கள். இமையத்துக்கு 2020இல் 'செல்லாத பணம்' நாவலுக்கு. 1982இல் வந்த 'வெக்கை'யையும் 1994இல் வந்த 'கோவேறு கழுதைக'ளையும் இன்றைக்கும் ஆட்கள் தேடிப்பிடித்துப் படிக்கிறார்கள் என்றால், யாரோ ஒருவர் படித்துவிட்டு மனசு கேட்காமல் இன்னொருவர் கையில் கொடுத்ததுதான் காரணம். என் கைக்கு இரண்டுமே அப்படித்தான் வந்தன.

இனி 'வெக்கை'. பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். பிடிப்பதும் பிடிக்காததும் உங்கள் பாடு. 'ஒன்றுமே நடக்கவில்லை' என்பது அப்படியில்லை. அது புத்தகத்தைப் பற்றிய தகவல், அதுவும் தவறான தகவல்.

சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்றுதான் போகிறான். ஆளே செத்துப்போகிறான். அதற்குப் பிறகு நாவல் முழுக்கச் சில நாட்கள்தான். அந்த நாட்களில் பையனும் அய்யாவும் காடு, ஓடை, பாறை என்று ஒளிந்து திரிகிறார்கள். கிடைத்ததைப் பொங்கித் தின்கிறார்கள். கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். சம்பவக் கணக்கு போட்டால் இவ்வளவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கொலை செய்துவிட்டு வந்து நிற்கிற பிள்ளையிடம் ஒரு தகப்பன் என்ன பேசுவான் என்று யோசித்துப் பாருங்கள். அடிப்பானா? கட்டிக்கொண்டு அழுவானா? இந்த அய்யா இரண்டும் செய்வதில்லை. பசிக்கிறதா, கால் வலிக்கிறதா, எந்த இடத்தில் படுத்தால் ஆள் கண்ணில் படாது என்று அன்றாடப் பேச்சாகவே பேசிக்கொண்டு கூட நடக்கிறார். வெள்ளாமை, வீடு என்று இருந்த நாட்களில் மகனோடு இவ்வளவு நேரம் அவர் உட்கார்ந்திருக்கவே மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. பையனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு இந்தத் தலைமறைவுதான் கிடைக்கிறது. அவனுக்குள் குழந்தைத்தனம் இன்னும் போகவில்லை என்பது இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை தெரிகிறது, அப்போதெல்லாம் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. சாதிப் பெயர் ஒன்றைக்கூடச் சொல்லாமல் ஊரின் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பதையும் பூமணி இதற்குள்ளேயே சொல்லி முடித்துவிடுகிறார். இது நடப்பு இல்லாமல் வேறென்ன?

'அசுரன்' 2019இல் வந்தது, நல்ல படம். அதில் அப்பாவின் பழைய கதை பெரிய பகுதி, நாவலுக்கோ பையன்தான் நடு. நீங்கள் படத்தைப் பார்த்துவிட்டு தனுஷ் எப்போது எழுந்து அடிப்பார் என்று பக்கம் பக்கமாகத் தேடியிருக்கிறீர்கள் என்று படுகிறது. பூமணி எழுதாத ஒன்றைத் தேடினால் அது கிடைக்காதுதான்.

'கோவேறு கழுதைகள்' ஒப்பாரி என்று நீங்கள் சொன்னது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதன் நாயகி ஆரோக்கியத்தின் குரல் வெறும் அழுகை இல்லை. துணி வெளுத்து, பிரசவம் பார்த்து, களத்தில் தூற்றிக் கொடுத்து, சாவு வீட்டு வேலையும் செய்து, கூலிக்கு ஒவ்வொரு வாசலிலும் நிற்கிறவள் அவள். அவளிடம் நிலமும் இல்லை, சங்கமும் இல்லை. வாய்தான் இருக்கிறது. கெஞ்சுவது, உறவு கொண்டாடுவது, பழைய உதவியை நினைவூட்டுவது, சாபம் கொடுக்காமல் கண்ணீரால் கேட்பது எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பேச்சு. அவள் வேலை செய்வது ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் காலனியில் என்பதுதான் இன்னும் கனமான விஷயம். அவர்களுக்கும் கீழே ஒரு குடும்பம் இருக்கிறது என்று காட்ட இமையத்துக்கு நெஞ்சுத் துணிவு வேண்டியிருந்தது.

பல வருடம் முன்னால் ஒரு மத்தியானம் ஆரோக்கியம் பேசுகிற ஒரு பகுதியை என் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். ராச்சோறு எடுக்கப் போகிற இடம் வந்ததும் முறம் நின்றுவிட்டது. "நம்ம தெருவுக்கும் ஒருத்தி வருவாப்பா, இருட்டினதும் குண்டானோட நிப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ பேரு என்னன்னு நான் கேட்டதே இல்ல" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை.

'சூல்' பற்றி உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். சில கிளைக்கதைகள் நீளம், நானும் களைத்துப்போன இடம் உண்டு. வட்டார வழக்கைக் குறை சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. உருளைக்குடி தர்மனின் சொந்த ஊர், கோவில்பட்டிப் பக்கம். அந்த ஊர்க் கண்மாய், அதாவது ஏரி, அதுதான் நாவலின் நாயகன். கண்மாய், மடை, மறுகால், குடிமராமத்து என்ற சொற்களை எடுத்துவிட்டால் கண்மாயையே மண் போட்டு மூடிய மாதிரி. 'சூல்' என்றால் கர்ப்பம். தண்ணீர் நிறைந்து கிடக்கிற கண்மாயைப் பிள்ளைத்தாய்ச்சியாகப் பார்க்கிற மக்களின் கதை அது. ஒரு சொல் புரியாவிட்டால் நின்றுவிடாதீர்கள், நாலு வரி தாண்டினால் அதுவே தன்னை விளக்கிவிடும். அப்படியும் தடுக்கினால் கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இருக்கிறது, நூலகத்தில் கேளுங்கள்.

ஒன்று செய்யுங்கள். 'வெக்கை'யின் முதல் அத்தியாயத்தை மட்டும், படத்தை மறந்துவிட்டு, ராத்திரி வீடு அடங்கின பிறகு வாய்விட்டுப் படியுங்கள். படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று விரிவாகவே எழுதுங்கள், ஒரு வரி வெட்டாமல் இதே பக்கத்தில் போடுகிறேன்.